வெயில் துடைத்த கறுப்பு வண்டி

கோழஞ்சேரியிலிருந்து கும்பநாடு வரைக்கும் ஓடுகிற கார்களில் பாதிக்கு மேல் என் கை பட்டவை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, உப்புத்தாளும் கையுமாக எவனோ ஒருவனுடைய பட்டறையில் துரு சுரண்ட உட்கார்ந்தவன் நான். இன்றைக்கு ஆற்றோரச் சாலையில் என் பெயரிலேயே பட்டறை இருக்கிறது. பெயின்ட் திவாகரன் என்று சொன்னால் பஸ் கண்டக்டர் வாசலிலேயே இறக்கிவிடுவான். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? ஆனால் இப்போது எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல. பத்ரோஸைப் பற்றி.

பத்ரோஸ் சவ வண்டி ஓட்டுகிறவன்.

எங்கள் பக்கத்தில் அது ஓயாத வேலை. வீட்டுக்கு வீடு பிள்ளைகள் அமெரிக்காவிலும் குவைத்திலும் இருக்கிறார்கள். அரண்மனை மாதிரி வீட்டில் கிழவனும் கிழவியும் இருப்பார்கள், பிறகு இருவரில் ஒருவர், பிறகு வாசலில் பூட்டு. யாராவது இறந்துபோனால் உடனே அடக்கம் கிடையாது. பிள்ளைகள் விமானம் பிடித்து வந்து சேரும்வரை ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில் காத்திருக்க வேண்டும். அவர்கள் வந்ததும் சாலை முக்குகளில் கறுப்புக்கொடி கட்டுவார்கள், பாட்டுக்குழு வரும், வர முடியாதவர்களுக்காக எல்லாவற்றையும் படம்பிடித்து அந்த நேரமே காட்டுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து தேவாலயத்துக்கு. அந்தப் படம் முழுக்க நடுநாயகமாக ஓடுவது பத்ரோஸின் கறுப்பு வண்டி.

வண்டி அவனுடையது இல்லை. கும்பநாடு முக்கில் சவப்பெட்டிக் கடை வைத்திருக்கிற மாம்மனுடையது. அந்தக் கறுப்பை அடித்தது நான். பழைய நீள வண்டி ஒன்றை வாங்கிவந்து, பின்பக்கம் இரண்டு புறமும் கண்ணாடி வைத்து, கூரையில் வெள்ளிச் சிலுவை பொருத்தி, என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினான் மாம்மன். பூச்சு பூச்சாக அடித்து, ஒவ்வொன்றையும் தேய்த்து, கடைசியில் எடுத்துக்கொடுத்தபோது அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் போல இருந்தது. அப்படி ஒரு கறுப்பு இந்த ஜில்லாவில் இன்னொன்று இல்லை.

இத்தனை பேரைச் சுமந்த அந்த வண்டியை யாரும் தங்கள் பக்கத்தில் நிற்கவிட மாட்டார்கள். பாலத்தடி டீக்கடை முன்னால் பத்ரோஸ் வண்டியை நிறுத்தினால் கடைக்காரன் தங்கப்பன் கரண்டியோடு ஓடிவருவான்.

"பத்ரோசே, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கப்பா. வடை திங்க வந்தவன் பாதியில எந்திரிச்சுப் போறான். டீய நானே கொண்டாந்து தரேன், நீ எறங்காத."

உள்ளே பெஞ்சில் இருக்கிற கிழவர் யாராவது குரல் கொடுப்பார். "ஏய், என்னைப் பாக்காதடா. எனக்கு இன்னும் விசா வரல."

"ஒண்ணும் அவசரமில்ல அச்சாயா. நம்ம வண்டியில படுக்கை ஒண்ணுதான். உங்களுக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

கடையே சிரிக்கும். பத்ரோஸும் சிரிப்பான். சிரித்து முடித்த பிறகும் பெஞ்சில் யாரும் நகர்ந்து இடம் விட்டதை நான் பார்த்ததில்லை. வண்டிக்குள் உட்கார்ந்தபடியே டீயைக் குடித்துவிட்டு, தம்ளரை மதில்மேல் வைத்துவிட்டுப் போவான்.

என் அக்காள் புருஷன் இறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் முன் சீட்டில் நான் இருந்தேன். பத்ரோஸ் மெதுவாக ஓட்டிக்கொண்டே பேசிக்கொண்டு வந்தான். என்னிடம் பேசுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"பாலம் வந்தாச்சு. ஆத்துல தண்ணி கம்மிதான். இடது பக்கம் உங்க பழைய ரேஷன் கடை, இப்ப செல்போன் விக்கிறாங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"உங்களுக்கில்ல சேட்டா, பின்னாடி இருக்கவருக்கு. கடைசித் தடவ, வழி பாத்துக்கட்டுமே."

"பதில் சொல்றாரா?"

"சொல்லணும்னு என்ன? வீட்டுலயும் யாரும் சொல்றதில்ல."

அவன் வீடு நெல்லிக்குன்னு மேட்டில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. பிள்ளை இல்லை. பெண்சாதி மறியக்குட்டி போய்ச் சேர்ந்த பிறகு அங்கே அவனும் அந்த வண்டியும்தான். மாம்மனுக்கும் அது வசதி. கடை வாசலில் அந்த வண்டி நின்றால் பக்கத்துப் பேக்கரிக்காரன் சண்டைக்கு வருவான். ஆகவே ஒவ்வொரு அடக்கம் முடிந்ததும் பத்ரோஸ் வண்டியை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், அங்கேயே கழுவி, அங்கேயே போடுவான். மேட்டில் போர்வெல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் டீ வைத்தால் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு படியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி மாதம் பிறந்திருந்தது. வெயில் ஏறத் தொடங்கிய சமயம். தேக்கும்மூட்டில் குரியன் என்ற பெரிய வீட்டுக்காரருக்கு அடக்கம். இப்போதெல்லாம் மேலே பறக்கிற கேமராவும் வைக்கிறார்களே, அது தேவாலயத்துத் தென்னைகளுக்கு மேலே நின்று கீழே பார்த்திருக்கிறது. வண்டியின் கூரை முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். சாலையில் நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியாத கூரை, அமெரிக்காவில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிட்டது. குரியனின் மூத்த மகள் மாம்மனைப் போனில் பிடித்தாள்.

"எங்கப்பாவ என்ன, பூசணம் புடிச்ச வண்டியிலயா ஏத்துனீங்க? இங்க எல்லாரும் கேக்குறாங்க. எனக்கு மானம் போச்சு."

மாம்மன் பத்ரோஸைக் கூப்பிட்டான். "வர்ற வியாழக்கிழமை சோசம்மா டீச்சர் அடக்கம். அதுக்கும் மேல பறக்குற கேமரா சொல்லியிருக்காங்க. இன்னொரு போன் எனக்கு வந்துச்சுன்னா, சாவிய ஆணியில மாட்டிட்டு நீ போயிக்கிட்டே இரு. வெள்ள வேன் ஒண்ணு வாங்கி வேற டிரைவரப் போட்டுக்கறேன்."

சாவியைக் கொடுத்துவிட்டு பத்ரோஸ் எங்கே போவான்? ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் அவன் நுழைவது அந்த வண்டியோடுதான். அது இல்லாவிட்டால் மேட்டு வீடும் ரப்பர் மரங்களும்தான் மிச்சம்.

அவன் முதலில் சர்வீஸ் ஸ்டேஷன்களுக்குப் போனான். ஒரு இடத்தில் மோட்டார் ரிப்பேர் என்றார்கள். இன்னொரு இடத்தில், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் இல்லை என்றார்கள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் முழுக்க ஆராதனைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, என் பட்டறையின் பின்கேட்டில் வந்து ஹாரனைத் தொட்டும் தொடாமலும் அடித்தான்.

"யாரும் இல்லாத நேரமாப் பாத்து வந்தேன் சேட்டா. ஒரு ஓரமா நிறுத்திக்கறேன். யாராவது வந்தா வெளிய எடுத்துடறேன்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "இது என் பட்டறை. எந்த வண்டி வரணும், எது வரக்கூடாதுன்னு நான்தான் சொல்லுவேன். பின்னாடி எடு. ரோட்டைச் சுத்தி முன் கேட்டு வழியா வா."

"முன் கேட்டு வழியாவா? யாராவது பாத்தா?"

"பாக்கட்டும். நான் அடிச்ச பெயின்ட். எனக்கென்ன வெக்கம்?"

முன் கேட்டு வழியாக வந்தான். நடுக் கொட்டகையில் நிறுத்தச் சொன்னேன். பார்த்ததும் வயிறு எரிந்தது. என் கறுப்பு! கூரையிலும் பானட்டிலும் சின்னதும் பெரியதுமாக வட்டங்கள், ஒன்றின்மேல் ஒன்று, அம்மைத் தழும்பு மாதிரி. மேலே இருந்தது நேற்றைய சுண்ணாம்பு. அதன் அடியில் போன வருஷத்தியது. அதற்கும் அடியில் இருந்தது பெயின்டையே தின்றிருந்தது.

தண்ணீர்த்தழும்பைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எலுமிச்சம்பழம் தேய்ப்பான் ஒருத்தன், மண்ணெண்ணெய் போடுவான் இன்னொருத்தன். பாத்திரம் தேய்க்கிற நாரால் தேய்த்துவிட்டு அழுதுகொண்டு என்னிடம் வந்தவனும் உண்டு. என் வழி எனக்கு. முதலில் நிழல். உலோகம் கைக்குக் குளிரும்வரை நான் எதையும் தொடமாட்டேன். பிறகு மழைத்தண்ணீர். கார் கழுவுவதற்காகவே தொட்டி கட்டி மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறவன் இந்தச் சாலையில் நான் ஒருவன்தான். அதில் அலசியதும், வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை அதில் நனைத்துத் தழும்பின்மேல் போடுவேன். காயவிடக் கூடாது. சுண்ணாம்பு இளகியதும் அலசிவிட வேண்டும். மேலே படிந்தது அதிலேயே போய்விடும். போகாததன்மேல் கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டுவேன். நகம் தட்டினால் அது பெயின்டுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு பாலிஷ் மருந்தும் தேய்க்கிற மெஷினும்தான் வழி.

ஞாயிறு ஆகையால் என் ஆட்கள் யாரும் இல்லை. நானே செய்தேன். இந்த வயதிலும் மெஷின் என் கையில் நடுங்காது. பஞ்சுத் தட்டு போட்டு, வேகத்தைக் குறைத்து, பெயின்ட் மெலிசாக இருக்கிற விளிம்புகளுக்கெல்லாம் டேப் ஒட்டி, ஒவ்வொரு சாணாக நகர்ந்தேன். பத்ரோஸ் ஒரு டயரின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பேச்சு பொங்கிக்கொண்டு வந்தது. யாரை எந்த வருஷம் கொண்டுபோனான், எந்த வீட்டு மகன் அடக்கத்தன்று செருப்பைத் தேடினான், எந்தக் கிழவிக்கு வழியில் மழை பிடித்தது, எல்லாம் சொன்னான். திரும்பிக் கேள்வி கேட்கிற ஆள் கிடைத்துவிட்டால் மனிதன் அப்படித்தான் பேசுவான் போல.

கூரையின் நடுவில் நகம் தட்டுவது நின்றபோது மெஷினை நிறுத்தினேன்.

"பத்ரோசே, இங்க வந்து கேளு. இதுக்கு மேல தேய்க்க முடியாது. பெயின்ட் தோல் மாதிரி ஆயிடுச்சு. இன்னொரு தடவ தழும்பு வந்தா, எடுக்கப்போனா அடிப்பூச்சு தெரியும். இதுதான் கடைசி. நீ எப்படிக் கழுவுறேன்னு சொல்லு."

"தண்ணி ஊத்துவேன்."

"ஊத்திட்டு?"

"வெயில்ல விட்டுடுவேன். காயும்."

"துடைக்க மாட்டியா?"

"இல்ல."

"அட மடையா! கறுப்பு வண்டி, மாசி வெயில், அந்தச் சுண்ணாம்புத் தண்ணி. தோசைக்கல்லுல தெளிச்ச மாதிரி தண்ணி போயிடும், சுண்ணாம்பு ஒட்டிக்கும். ஒரு துணி எடுத்துத் துடைச்சா என்ன, கை தேஞ்சா போயிடும்?"

பத்ரோஸ் குனிந்தான். தரையில் கிடந்த துணியை எடுத்து மடித்தான். மறுபடி பிரித்தான்.

"மறியக்குட்டி சொன்னது அது. கலியாணமான புதுசுல, சவ வண்டி ஓட்டப் போறேன்னதும் மூணு நாள் சாப்பிடல அவ. அப்புறம் ஒரு சட்டம் போட்டா. கழுவுன வண்டியில கை வெச்சுத் துடைக்கக் கூடாது, துடைச்சா சாவு கையோட வீட்டுக்குள்ள வரும், வெயில்தான் துடைக்கணும். வண்டி காயுற வரைக்கும் நானும் வெளிய நிக்கணும். காஞ்சப்புறம்தான் கதவு தொறப்பா."

"சரி, பயந்தவ, சொல்லியிருக்கா."

"அவ உள்ள மீன் கொழம்பு வெச்சுக்கிட்டு இருப்பா. அடுக்களை ஜன்னல்ல தலைய நீட்டி, 'காஞ்சாச்சா?'ன்னு கேப்பா. நான் 'இல்ல'ம்பேன். காஞ்சிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லுவேன். அப்பத்தானே மறுபடியும் கேப்பா."

மெஷினின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டி முடித்தும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அவளையும் இதே வண்டியிலதான் கொண்டுபோனேன். வேற யாரையும் ஓட்ட விடல. திரும்பி வந்து கழுவினேன். வழக்கம்போல வெளிய நின்னேன். வண்டி காஞ்சு ரொம்ப நேரமாச்சு சேட்டா. கேக்க ஆளில்ல. உள்ள போறதா வேண்டாமான்னு தெரியல எனக்கு. இருட்டுற வரைக்கும் நின்னுட்டிருந்தேன்."

ஆறுதல் சொல்லத் தெரிந்தவன் இல்லை நான். வேலை தெரிந்தவன். அதனால் வேலையைச் சொன்னேன்.

"இங்க பாரு. அவ இருந்தப்ப இந்தச் சட்டம் சரி. இப்ப நீ துடைக்கலேன்னா வண்டி போயிடும். வண்டி போனா மேட்டுல உக்காந்து நீ என்னத்தக் காய வைப்ப?"

அலமாரியைத் திறந்து, நான் யாருக்கும் கொடுக்காத நல்ல துணிகள் நாலு எடுத்து அவன் மடியில் போட்டேன். பானட்டில் ஒரு குவளை மழைத்தண்ணீரை ஊற்றிவிட்டு, "துடை" என்றேன். கையை வைத்தான், எடுத்தான். பிறகு ஒரு மூலையிலிருந்து மெல்லத் துடைத்துக்கொண்டு வந்தான். நான் மெழுகை எடுத்துக் கூரைக்குப் போனேன். தேவாலயத்தில் ஆராதனை முடிந்து மணி அடித்தபோது, முன் கேட்டு வழியாகவே வண்டியை வெளியே அனுப்பினேன். வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

வியாழக்கிழமை நானும் போனேன். சோசம்மா டீச்சர் எனக்கு நாலாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். "நீ உருப்படமாட்டே திவாகரா" என்று எல்லார் முன்னாலும் சொன்னவள். என் மெழுகு பளபளக்கிற வண்டியில் போனாள். அவளுக்கு அது தெரியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிள்ளைகள் கறுப்புக் கண்ணாடியும் கறுப்பு உடையுமாக வந்திறங்கினார்கள். முத்துக்குடை பிடித்தார்கள், பாட்டு எழும்பியது. தலைக்கு மேலே அந்தக் கேமரா வண்டு மாதிரி இரைந்துகொண்டு வந்தது. நான் தேவாலயத்தின் மேல்படிக்கட்டில் ஏறி நின்று பார்த்தேன். கூரையில் ஒரு புள்ளி இல்லை. தென்னையோலையும் வானமும் ஒரு துண்டு மேகமும் அப்படியே அதில் கிடந்தன. பறக்கிற கேமராவேகூட அதில் தெரிந்தது.

பத்ரோஸ் வழக்கம்போல் எல்லாரையும் விட்டு விலகி, பலாமரத்தடியில் கைகட்டி நின்றான். சவப்பெட்டியை எடுக்கும்போது தலை குனிந்தவன், பிறகு நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். யார் முகமாவது சுளிக்கிறதா, யாராவது மாம்மனிடம் போய் ஏதாவது சொல்கிறார்களா என்று. மாம்மன் டீச்சரின் மகன்மார் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் பத்ரோஸ் என்னிடம் ஓட்டமும் நடையுமாக வந்தான். கண்ணெல்லாம் சிரிப்பு.

"சேட்டா! ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல!"

"மாம்மன்?"

"அவனும் ஒண்ணும் சொல்லல. சனிக்கிழமை ஒரு அடக்கம் இருக்கு, சீக்கிரம் வந்துடுன்னான். அவ்வளவுதான். வண்டிய யாரும் கண்டுக்கவே இல்ல சேட்டா!"

உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவ்வளவு பேர் கூடிய இடத்தில், யார் பாலிஷ் போட்டது என்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. ஆனால் அவன் சந்தோஷப்பட்டதைப் பார்த்தால், ஊரே சேர்ந்து மாலை போட்ட மாதிரி இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

வேலை செய்து கொடுத்த வண்டியைத் தேடி அதன் வீட்டுக்குப் போகிற வழக்கம் எனக்குக் கிடையாது. மந்திரியின் கார் ஆனாலும் அது என்னிடம்தான் வர வேண்டும். இருந்தாலும் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நெல்லிக்குன்னு ஏறினேன். என் பெயின்டின் கடைசித் தோல் அல்லவா, அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டாமா?

வண்டி மரநிழலில் நின்றது. கழுவியிருந்தான். விரலால் கூரையைத் தடவினேன். ஈரமில்லை, தழும்பில்லை. மூலைமுடுக்கு விடாமல் துடைத்திருந்தான். வேலை சுத்தம்.

ஆள் நிழலில் இல்லை. முற்றத்தில், உச்சி வெயிலில் கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கொடியில் நான் கொடுத்த நாலு துணிகளும் தொங்கின. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அடுக்களை ஜன்னலும் சாத்தியிருந்தது.

"வாங்க சேட்டா. வழி கண்டுபுடிச்சு வந்துட்டீங்களே!" என்றான். நகரவில்லை.

"உள்ள வாப்பா, குடிக்கத் தண்ணி குடு. மண்டை காயுது."

"இருங்க, துணி காயட்டும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வண்டியை வெயிலிடமிருந்து வாங்கிக்கொண்டான். அந்த இடத்தில் துணியை வைத்துவிட்டான். நிழலுக்குப் போகாமல் நானும் கொடிக்கு அந்தப் பக்கம் நின்றேன். காலையில் கொண்டுபோனவரைப் பற்றிச் சொன்னான். தபால்காரராக இருந்தவராம். வழி நெடுக ஒவ்வொரு வீட்டுப் பெயராகச் சொல்லிக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்த்தானாம். பிறகு அந்தப் பேச்சும் நின்றுபோனது. காய்ந்த ரப்பர் கிளை ஒன்று ஒடிந்து எங்கோ விழுந்தது. கீழே சாலையில் ஒரு பஸ் போகிற சத்தம் மேலேறி வந்து அடங்கியது. இவ்வளவு அமைதியில் ஒரு மனிதன் எப்படித் தினமும் நிற்பான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தாகம் வேறு தொண்டையை இழுத்தது.

"என்னப்பா, காஞ்சாச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

பத்ரோஸ் சட்டென்று திரும்பினான். என்னைப் பார்க்கவில்லை. முதலில் அடுக்களை ஜன்னலைப் பார்த்தான். பிறகுதான் என் பக்கம் பார்வை வந்தது. முகத்தில் ஒரு குறும்பு வந்து உட்கார்ந்தது. அவனிடம் அதை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"இல்ல," என்றான்.

கையை நீட்டி ஒரு துணியைத் தொட்டேன். அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருந்தது. ஈரம் எது, காய்ந்தது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற கை இது. பெயின்டுக்கு அடியில் இருக்கிற ஈரத்தையே கண்டுபிடித்துச் சொல்லும். இந்த விஷயத்தில் என் பேச்சை மறுத்துப் பேச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது.

"ஆமா, ஈரமாத்தான் இருக்கு," என்றேன்.

இரண்டு பேரும் வெயிலில் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன்.